தாடையை முன்னுக்கு நகர்த்திய கதை

சிட்னி மேஸ் ஹில் முருகன் கோயிலில் ஆரம்பித்து வென்ட்வொர்த்வில் மளிகைக் கடை வரைக்கும், சில மாதங்களாக எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "முகத்துக்கு என்ன பண்ணினீங்க?" சிலர் நேராகக் கேட்கிறார்கள். சிலர் "மெலிஞ்சிட்டீங்களோ?" என்று சுற்றி வளைக்கிறார்கள். ஒரு அக்கா மட்டும் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "எந்த டாக்டர், எவ்வளவு ஆச்சு, எனக்கு மட்டும் சொல்லு" என்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. என் விஷயத்தில் இது வெறும் பேச்சுக்குச் சொல்வதும் இல்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

அக்கா மன்னிக்க வேண்டும், அழகுக்காகச் செய்யவில்லை. தூங்குவதற்காகச் செய்தேன். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து, முன்னால் நகர்த்தி, டைட்டேனியம் தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து இரண்டு வருடத்துக்குக் கிட்டே பல்லில் கிளிப். நாற்பதை நெருங்கும் வயதில்.

நான் குறட்டை விடுவேன் என்பது எங்கள் வீட்டு ரகசியம். கோவில்பட்டியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அம்மா ராத்திரி என் முதுகில் தட்டி ஒருக்களித்துப் படுக்கச் சொல்வாள். "பொம்பளப் பிள்ள இப்படிக் குறட்ட விட்டா, போற வீட்டுல என்ன நெனப்பாக?" அப்பா விட்டால் அது உழைத்த அசதி. நான் விட்டால் வளர்ப்பு சரியில்லை. உறவினர் வீட்டில் தங்கும்போது மற்றவர்கள் தூங்கும்வரை விழித்திருக்கப் பழகிக்கொண்டேன். கல்யாண வீடுகளில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுக்கும்போது சுவரோரம் எனக்குத்தான். இப்படி மறைத்தே வளர்ந்த ஒருத்தி டாக்டரிடம் போய் "நான் குறட்டை விடுகிறேன்" என்று தானாகச் சொல்லுவாளா?

சொல்ல வைத்தது என் கணவரின் போன். ஒரு ராத்திரி பதிவுசெய்து காலையில் போட்டுக் காட்டினார். அவர் முகத்தில் கேலி இல்லை, பயம் இருந்தது. குறட்டை ஏறிக்கொண்டே போகிறது, சட்டென்று நிற்கிறது. நெஞ்சு மேலும் கீழும் போவதாக அவர் சொன்னார், ஆனால் காற்று உள்ளே போகிற சத்தம் இல்லை. அப்படியே நீள்கிறது. பிறகு தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஓர் இழுப்பு, மறுபடியும் குறட்டை. அந்தச் சத்தமில்லாத இடம்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிற நோய். பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் அதை ஓர் ஆப்னியா என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

இதற்கு முன்பே பல வருடங்களாகக் காலையில் தலைவலியோடுதான் எழுந்தேன். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் பகலில் கண் சொக்கும். எம்4 நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்து நிற்கும்போது தலை சாயும், திடுக்கிட்டு நிமிர்வேன். தைராய்டு பார்த்தார்கள், இரும்புச்சத்து பார்த்தார்கள், பி12, வைட்டமின் டி. நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் ஏதாவது ஒன்று குறைவாக இருக்காமல் போகாது, எனவே ஒவ்வொரு தடவையும் ஒரு மாத்திரையோடு வீடு திரும்புவேன். கடைசியில் மனச்சோர்வாக இருக்குமோ என்று ஒரு படிவத்தை நிரப்பினேன். நான் ஒல்லி. ஸ்லீப் ஆப்னியா என்றால் கழுத்து தடித்த, தொப்பை வைத்த நடுவயது ஆண் என்ற படம் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் பேப்பர்ஸ் நாவலில் எந்நேரமும் தூங்கி வழியும் குண்டுப் பையன் ஒருவன் வருவான். 1956இல் மருத்துவர்கள் பருமனோடு சேர்ந்த மூச்சுக் கோளாறு ஒன்றுக்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். படம் அங்கேயே பதிந்துவிட்டது.

பெண்களுக்கு வராதா என்றால், வரும். 1993இல் விஸ்கான்சின் ஆய்வு வெளியானது. 30 முதல் 60 வயது வரையுள்ள, வேலைக்குப் போகிற சாதாரண ஜனங்களைத் தூங்கவைத்துப் பார்த்ததில், மணிக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டவர்கள் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். ஒன்பது சதவீதம் சின்ன எண்ணிக்கை இல்லை. நம் கோயில் வரிசையில் நிற்கும் நூறு பெண்களில் ஒன்பது பேர்.

பரிசோதனைக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் தருவார்கள், எப்வொர்த் அளவுகோல் என்று. மெல்பர்ன் எப்வொர்த் மருத்துவமனையில் மர்ரே ஜான்ஸ் என்பவர் 1991இல் உருவாக்கியது, இன்று உலகம் முழுக்க இதுதான். எட்டுக் கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண். படிக்கும்போது தூங்குவீர்களா, டிவி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் காரில் சும்மா உட்கார்ந்து போகும்போது, சிக்னலில் நிற்கும்போது... பத்துக்கு மேல் வாங்கினால் அதிகத் தூக்கம். அதில் ஒரு கேள்வி, மதியச் சாப்பாட்டுக்குப் பின், மது அருந்தாமல், அமைதியாக உட்கார்ந்திருந்தால் தூங்கிவிடுவீர்களா என்று. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு சாப்பிட்டவனிடம் இதைக் கேட்டு என்ன கண்டுபிடிக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் சிக்னல் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் போட்டதைப் பார்த்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுப் படுக்கையிலேயே தூங்கலாம். முடிவு: மணிக்கு 41 முறை. 5 வரை சாதாரணம், 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை விழித்துக்கொண்டு மூச்சை இழுக்க வைக்கிறது, நமக்கு ஒன்றும் நினைவிருக்காது. கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை என்னை யாரோ தட்டி எழுப்பியிருக்கிறார்கள். அம்மா முதுகில் தட்டியதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

இதற்கு முதல் வைத்தியம் சிபாப் என்கிற காற்று இயந்திரம். அது பிறந்த ஊரில் நான் குடியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 1980 ஜூன் மாதம், சிட்னி கேம்பர்டவுனில் உள்ள ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனை. அந்தக் காலத்தில் கடுமையான ஆப்னியாவுக்கு உறுதியான வைத்தியம், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான். ஒரு நோயாளிக்கு அதைச் சொல்ல, அவர் மாட்டேன் என்றார். காலின் சலிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். நோயாளி சம்மதித்தார். தூங்கினதும் தொண்டை அடைத்தது. காற்றழுத்தத்தைக் கூட்டினார்கள், திறந்தது. குறைத்தார்கள், மறுபடி அடைத்தது. திரும்பக் கூட்டிவிட்டு, அவரை ராத்திரி முழுக்கத் தூங்கவிட்டார்கள். 1981 ஏப்ரலில் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு லான்செட் இதழில் கட்டுரை வந்தது. ஆரம்பகால இயந்திரங்களில் வாக்குவம் கிளீனர் மோட்டார், முகமூடியைத் தினமும் சிலிக்கோன் பசை போட்டு மூக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சத்தத்தோடும் பசையோடும் மனிதர்கள் சந்தோஷமாகத் தூங்கினார்கள் என்றால், அதற்கு முன்னால் அவர்கள் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள். 1989இல் பீட்டர் ஃபாரல் இதை வைத்துத் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ரெஸ்மெட். அதன் சிட்னி வளாகம் பெல்லா விஸ்டாவில், எங்கள் டூங்காபி வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்.

மெல்பர்னில், டாண்டினாங் பக்கம் இருக்கும் என் சித்தி மகனுக்கு இந்த இயந்திரம் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது. அவன் லாரி ஓட்டுகிறான். ஆஸ்திரேலியாவில் கனரக வண்டி ஓட்டுபவருக்கு ஆப்னியா இருந்தால் நிபந்தனையோடுதான் உரிமம், வருடத்துக்கு ஒரு தடவையாவது மருத்துவர் பார்த்து, வைத்தியம் வேலைசெய்கிறது என்று உறுதி சொல்ல வேண்டும். இயந்திரமே எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தான் என்று பதிவு செய்துகொள்கிறது, ஏமாற்ற வழியில்லை. ஊருக்குப் போகும்போதும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறான். கோவில்பட்டியில் கரண்ட் போனால் என்ன செய்வாய் என்றால், "அதுக்குத்தான்க்கா பேட்டரி வாங்கி வச்சிருக்கேன்" என்கிறான். யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் முதலில் அவனோடு பேசச் சொல்கிறேன். முகமூடி ஒத்துவந்தால் அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம்.

எனக்கு ஒத்துவரவில்லை. மூக்கை மட்டும் மூடுவது, வாயும் சேர்த்து மூடுவது, மூக்கு ஓட்டையில் செருகுவது, மூன்று வகையும் பார்த்தாயிற்று. மாட்டிக்கொண்டு படுப்பேன், நடுராத்திரியில் என் கையே தூக்கத்தில் அதைப் பிடுங்கிப் போட்டிருக்கும். என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். 2016இல் வெளியான சேவ் என்ற ஆய்வு அடிலெய்டிலிருந்து நடத்தப்பட்டது, பல நாடுகளில் 2,717 பேர். இதயநோய் அல்லது பக்கவாதத்தை இயந்திரம் தடுக்கிறதா என்று பார்க்கத்தான் அதைச் செய்தார்கள். தடுத்ததாகத் தெரியவில்லை. காரணத்தைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது, ஆனால் ஒரு விவரம் எனக்கு மறக்கவே இல்லை: இயந்திரம் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் அதைப் போட்டிருந்தார்கள். கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கவசமும் பார்த்தேன். லேசான, நடுத்தர ஆப்னியாவுக்கு அது நல்ல வழி. என் நோய்க்கு அது போதவில்லை, தாடை மூட்டும் வலித்தது. ஆனால் அதைப் போட்டபோது எண்ணிக்கை ஓரளவு இறங்கியது என்பதை வைத்துத்தான் டாக்டர் அடுத்த பேச்சை எடுத்தார். தாடை முன்னால் வந்தால் உனக்கு வழி திறக்கிறது, பார்த்தாயா?

தாடை அறுவை நிபுணர் என்னைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். என் கீழ்த்தாடை சிறியது, பின்னால் தள்ளியிருக்கிறது. நாக்கின் பெரிய தசை மோவாயெலும்பின் உட்புறத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலும்பு பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால். விழித்திருக்கும்போது தசைகள் இறுகி வழியைத் திறந்து வைக்கும். தூங்கினதும் தளரும், நாக்கு சரிந்து அடைத்துவிடும். கொழுப்பு சேர்ந்து இடம் குறுகுவது ஒரு வகை. கூடே சிறிதாக இருந்து இடம் இல்லாமல் போவது இன்னொரு வகை. நம் தெற்காசியர்களும் கிழக்காசியர்களும் அவ்வளவு எடை போடாமலேயே இந்த நோய்க்குள் வந்து விழுவதற்கு முக எலும்பின் அமைப்பும் ஒரு காரணம்.

இங்கேதான் பழைய கதை ஒன்று திரும்பி வருகிறது. சின்ன வயதில் எனக்கு எடுப்புப் பல். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான், ஆகவே பதினாறு வயதில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் நாலு பல்லைப் பிடுங்கி, கிளிப் போட்டு, முன்பற்களை உள்ளே இழுத்தார்கள். சிட்னியில் அந்த நிபுணர் எக்ஸ்ரேவில் கோடு போட்டுக் காட்டியபோதுதான் விளங்கியது: என் மேல்பல் அப்படியொன்றும் வெளியே வரவில்லை. கீழ்த்தாடை பின்னால் இருந்ததால் மேலே இருப்பது எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. சிறிய கீழ்த்தாடைக்குப் பொருத்தமாக மேல்பல்லையும் பின்னால் தள்ளி, வாசலைச் சமமாக்கிவிட்டார்கள். ஊரார் கண்ணுக்குச் சரியாகிவிட்டது.

இணையத்தில் இதைப் படித்தவர்கள் உடனே "அப்ப அந்தப் பல் டாக்டராலதான் உங்களுக்கு ஆப்னியா" என்று முடிவு கட்டுகிறார்கள். இல்லை. 2015இல் அமெரிக்காவில் 5,584 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, அந்த நாலு பல் இல்லாதவர்களையும் இருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆப்னியா இருந்தவர்கள், பல் இல்லாதவர்களில் 10.7 சதவீதம், இருப்பவர்களில் 9.6. அப்படி ஒரு தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. எனக்குத் தாடை பிறவியிலேயே சிறியது. பல்லைப் பிடுங்காமல் விட்டிருந்தாலும் இங்கேதான் வந்து நின்றிருப்பேன், கொஞ்சம் எடுப்பாக.

அறுவையைப் பற்றி. மேல்தாடையில் பல்வேர்களுக்கு மேலே அறுப்பதற்கு லெ ஃபோர்ட் ஒன்று என்று பெயர். சம்மதப் படிவத்தில் இதைப் பார்த்துவிட்டு, யார் இந்த லெ ஃபோர்ட் என்று தேடினேன், தேடியிருக்கக் கூடாது. ரெனே லெ ஃபோர்ட், பிரான்ஸின் லீல் நகரத்து மருத்துவர். 1901 வாக்கில் பிணங்களின் தலைகளை அடித்து, முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று குறித்து வைத்தார். அந்தக் கோடுகளில் முதலாவதைத்தான் இப்போது நிதானமாக, ரம்பம் வைத்து, வேண்டுமென்றே உடைக்கிறார்கள். கீழ்த்தாடைக்கு ஹியூகோ ஓப்வெகேசர் 1950களில் கண்டுபிடித்த முறை. கோவில்பட்டிக்காரிக்கு அதை விளக்குவது சுலபம்: தீப்பெட்டி. தாடையின் பின்பகுதியை இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளக்கிறார்கள். உள்பெட்டி முன்னால் நகர்ந்தாலும் மேலட்டை அதைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் நடுவில் வெற்றிடம் விழாது, எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளும். ஆப்னியாவுக்குச் செய்யும்போது பொதுவாக ஒரு சென்டிமீட்டர் வரை முன்னால் கொண்டுவருவார்கள். வெட்டு எல்லாம் வாய்க்குள்ளேயே, வெளியே ஒரு தழும்பு கிடையாது. ஆஸ்திரேலியாவில் இந்த நிபுணராவதற்குப் பல் மருத்துவப் பட்டமும் பொது மருத்துவப் பட்டமும் இரண்டும் வேண்டும். அத்தனை வருடம் படித்தவரிடம் நம் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம் என்பது என் கட்சி.

நான் கேட்ட முக்கியமான கேள்வி, சரியாகுமா என்பது. அவர் 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வைச் சொன்னார். 627 பேர், மணிக்குச் சராசரி 63.9 ஆக இருந்த எண்ணிக்கை 9.5க்கு இறங்கியது. 86 சதவீதம் பேருக்கு வெற்றி. ஆனால் வெற்றி என்றால் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய், இருபதுக்கும் குறைவது. ஐந்துக்குக் கீழே போய் நோயே இல்லை என்று ஆனவர்கள் 43 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லாதவர் யாராவது உங்களிடம் அறுவையைப் பற்றிப் பேசினால், இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

"சென்னைல வந்து பண்ணிக்கோ, பாதிச் செலவுகூட ஆகாது" என்று ஊரிலிருந்து எல்லோரும் சொன்னார்கள். கை சென்னையிலும் நல்ல கைதான். பிரச்சினை கிளிப்பில் இருக்கிறது. ஒன்றரை வருடம் மாதாமாதமோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ இறுக்க வேண்டும், கிளிப் போடுகிறவரும் அறுவை செய்கிறவரும் ஒரே திட்டத்தில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். செலவு விஷயத்தில், பல் கம்பிக்கு அரசின் மெடிகேர் கிடையாது. தனியார் காப்பீட்டில் பல்லுக்கு உண்டான பகுதி கொஞ்சம் தரும், மீதி நம் பை. அறுவைக்கு மெடிகேர் ஒரு பங்கு தரும், மருத்துவமனைச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும், நிபுணரின் கட்டணத்தில் இடைவெளி நமக்கு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீடு 12 மாதம் காத்திருக்க வைக்கும். கிளிப் போட்ட அன்றே திட்டத்தை உயர்த்திவிட்டால் பல் நகர்ந்து முடிவதற்குள் அந்தக் காலம் ஓடிவிடும். நிபுணரிடம் அறுவைக்கான மெடிகேர் எண்களை வாங்கி, காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்து, எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "தாடை ஆபரேஷன் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

கிளிப் காலம்தான் எனக்கு வேடிக்கையும் வேதனையுமாக இருந்தது. தாடை சரியில்லாத வாயில் பற்கள் தாமாகவே சாய்ந்து ஒன்றையொன்று எட்டிப் பிடித்திருக்கும். அறுவைக்கு முன்னால் அந்தச் சாய்வை எடுத்து ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பில் நேராக நிறுத்த வேண்டும். எனவே மேல்பல்லை வெளியே தள்ளினார்கள், கீழ்ப்பல்லை உள்ளே இழுத்தார்கள். பதினாறு வயதில் பணம் கொடுத்து அனுப்பிவைத்த எடுப்பு, பணம் கொடுத்ததும் திரும்பி வந்துவிட்டது. வீடியோ அழைப்பில் பார்த்த அம்மா, "என்னடி, மறுபடியும் பழைய முகமா இருக்கு" என்று கண் கலங்கினாள். பல்லைச் சுற்றிப் போடும் வெள்ளை ரப்பர் மஞ்சள்தூள் பட்டு ஒரே வாரத்தில் ரசக் கலருக்கு வந்துவிடும். இரண்டாவது தடவையே அங்கிருந்த உதவியாளர் ஒன்றும் கேட்காமல் அடர் சாம்பல் நிற ரப்பரை எடுத்து வைத்திருந்தாள். கறிவேப்பிலை கம்பியில் சுற்றிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து ஒருவர் கடலைமிட்டாய் கொண்டுவந்தார். புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ப் பெருமை, ஒரு கடிக்கு இரண்டு பிராக்கெட்டைப் பெயர்க்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

அறுவை நான்கு மணி நேரத்துக்கு மேல். எனக்குத் தெரிந்தது மயக்க மருந்து ஏறியதும், தொண்டை வறண்டு விழித்ததும்தான். முதல் ராத்திரி தீவிரக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள், வீக்கம் மூச்சுக் குழலை அடைத்துவிடாமல் பார்க்க. வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, ரப்பர் வளையங்கள்தான், அவசரத்துக்குக் கத்தரிக்கலாம். ஆனால் மூக்குக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கும், வாயோ ரப்பரில். மூச்சு நின்றுபோகிற நோய்க்காக வந்தவளுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்! மூக்கைச் சிந்தக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு வேறு. உட்கார்ந்தபடியே கிடந்தேன். வலி நான் பயந்த அளவுக்கு இல்லை, அதற்குக் காரணம் பாதி முகம் மரத்துப் போயிருந்ததுதான். மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போனது. என் போன் என் முகத்தை அடையாளம் காண மறுத்தது. மகள் கதவருகிலேயே நின்று, "அம்மாதானா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அம்மா விசா வாங்கி வந்து சேர்ந்தாள். ஆறு வாரம் எதையும் மெல்லக் கூடாது என்றதும் அவள் சந்தோஷப்பட்ட மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. இந்த நாட்டில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதே. கொடுத்தனுப்பிய சீட்டில் புரோட்டீன் ஷேக், சூப், யோகர்ட் என்று இருந்தது. அதை மடித்து ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, கேப்பைக் கூழில் ஆரம்பித்தாள். பாசிப்பருப்புக் கஞ்சி, வடிகட்டிய ரசம், பால் விட்டு அரைத்த இட்லி, ஆட்டுக்கால் சாறு. ஸ்ட்ரா கூடாது, உறிஞ்சினால் தையல் இழுக்கும். ஆகவே ஊசியில்லாத சிரிஞ்சியில் ரப்பர்க் குழாய் மாட்டி, கடைவாயோரம் செலுத்த வேண்டும். சாம்பார் சாதத்தை மிக்ஸியில் அடித்து சிரிஞ்சியில் ஏற்றினாள் பாருங்கள், அதன் நிறத்தை விவரிக்க மாட்டேன், ருசி அப்படியே இருந்தது. மோவாய் மரத்திருப்பதால் கூழ் வழிவது எனக்குத் தெரியாது. கையில் துண்டோடு எதிரே உட்கார்ந்து துடைத்துக்கொண்டே, ஊர்க் கதை பூராவையும் சொல்லி முடித்தாள். நான் பதில் பேச முடியாத நிலையில் இருந்தது அவளுக்கு இன்னும் வசதி. அப்படியும் எடை இறங்கத்தான் செய்தது. கோயிலில் கேட்டவர்களுக்கு அந்தப் பதில்.

இழப்பையும் சொல்ல வேண்டும். கீழ்த்தாடை எலும்புக்குள்ளே உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு ஓடுகிறது, பிளக்கும்போது அது அடிபடும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஆரம்பத்தில் மரத்துப்போகும், பலருக்கு மாதக்கணக்கில் திரும்பி வரும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாக நின்றுவிடும். எனக்கு இடது கீழுதட்டுக்குக் கீழே ஒரு பத்து ரூபாய் நாணய அளவு இடம் இன்னும் எனதாக இல்லை. மூக்கு கொஞ்சம் அகன்றது. சிரிப்பு மாறிவிட்டது. பழைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் அதில் இருப்பவள் என் தங்கை என்று தோன்றுகிறது.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஒயர் மாட்டித் தூங்கினேன். மணிக்கு 8. அந்தத் தொகுப்பாய்வின் கணக்கில் நான் வெற்றி பெற்ற 86க்குள் இருக்கிறேன், குணமான 43க்குள் இல்லை. மல்லாந்து படுத்தால் இன்னும் லேசான குறட்டை வருகிறதாம், கணவர் சொல்கிறார். காலைத் தலைவலி போய்விட்டது. எம்4இல் விழித்திருக்கிறேன், அது அந்தச் சாலையில் அவ்வளவு பெரிய சுகம் இல்லை என்பது வேறு. கிளிப்பையும் கழற்றியாயிற்று. ராத்திரி மாட்டும் ரிடெய்னர் மட்டும் பாக்கி.

அம்மா இங்கே இருந்த நாட்களில் பக்கத்து அறையில் படுத்தாள். ஒரு ராத்திரி நானே எழுந்துபோய் போனில் பதிவு செய்தேன். ஏறுகிறது, நிற்கிறது, இழுக்கிறது. பக்கவாட்டில் அவள் முகத்தைப் பார்த்தால் என் பழைய எக்ஸ்ரேதான். மதுரையிலேயே தூக்கப் பரிசோதனை இருக்கிறது, போய் எடு என்று ஊர் திரும்பியதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். "எழுவது வயசுக்கு மேல என் தாடைய அறுக்கப் போறியா?" என்கிறாள். அறுக்க வேண்டாம், தம்பி மாதிரி முகமூடி போட்டால் போதும் என்றால், "அத மாட்டிக்கிட்டு படுத்தா பேரப்பிள்ளைக பயந்துராது?" அடுத்த வாரம் என் கணவர் பேசுவதாக இருக்கிறார். மாப்பிள்ளை சொன்னால் கேட்பாள்.

மகளுக்குப் பதினொன்று. அவளையும் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு ட்வின் பிளாக் போட்டிருக்கிறார்கள், 1977இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் என்பவர் உருவாக்கிய கருவி. மேலே ஒன்று, கீழே ஒன்று, கடித்தால் கீழ்த்தாடை முன்னால் வந்து நிற்கும். இதனால் எலும்பு பெரிதாக வளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், மாற்றத்தில் பெரும்பகுதி பல்லில்தான் நடக்கும் என்று ஆர்த்தோடான்டிஸ்ட் முதலிலேயே சொல்லிவிட்டார், அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அவள் அதைச் சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைக்கிறாள். போன வியாழக்கிழமை அது பள்ளிக் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. புதிதாக அச்செடுக்கத் திங்கள்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.